ஒரே ஜார் பைல், பல வெப் புரோகிராம்கள்: கட்டி மேய்ப்பது எப்படி?

உங்கள் கம்ப்யூட்டரில் விண்டோஸ் இயங்குகிறதா? செட்டிங்ஸ் பகுதியைத் திறந்து, ஆப்ஸ் என்பதில் கிளிக் செய்து, இன்ஸ்டால் ஆகியுள்ள புரோகிராம்களின் பட்டியலைப் பாருங்கள். நீங்கள் இன்ஸ்டால் செய்ததாக நினைவே இல்லாத ஒரு பெயர் அதில் இருக்கக் காணலாம். மைக்ரோசாப்ட் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்பது அதன் பெயர். பலருடைய கம்ப்யூட்டரில் 2010, 2013 என்று ஆண்டு மட்டும் மாறி அது நாலைந்து முறை இருக்கும். இது எதற்கு என்று தெரியாமல் சிலர் அதை அழித்துவிடுகிறார்கள். மறுநாள் ஒரு கேமைத் திறந்தால், ஏதோ ஒரு டி.எல்.எல். பைல் காணவில்லை என்று செய்தி வருகிறது. கேம் திறப்பதில்லை.

காரணம் எளிது. எந்தப் புரோகிராமும் முழுக்க முழுக்க ஒருவர் எழுதியதல்ல. ஏற்கெனவே மற்றவர்கள் எழுதி வைத்த துணைப் பைல்களைச் சேர்த்துக்கொண்டுதான் அது இயங்குகிறது. இப்படி ஒன்றை ஒன்று சார்ந்திருப்பதை புரோகிராமர்கள் டிபென்டன்சி என்பார்கள். இக்கட்டுரையில் துணைப் பைல் என்றே சொல்வோம். ஒரே துணைப் பைலைப் பல புரோகிராம்கள் பயன்படுத்தும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அதை எங்கே வைப்பது? எந்தப் பதிப்பை வைப்பது? புதுப் பதிப்பு வந்தால் யாருக்கெல்லாம் மாற்றுவது?

நான் சேலத்தில் ஏற்காடு மலையின் அடிவாரத்தில் இருந்தபடி, இன்டர்நெட் வழியாக ஜாவா வெப் புரோகிராம்களை உருவாக்கும் சாப்ட்வேர் இன்ஜினியர். என் வேலையில் கணிசமான நேரம் புதிதாக எழுதுவதில் போவதில்லை. இந்தத் துணைப் பைல்களின் கணக்கைச் சரிபார்ப்பதில்தான் போகிறது. ஜாவா படிக்கத் தொடங்கியிருப்பவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். படிக்காதவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். "அப்டேட் செய்யவும்" என்று உங்கள் கம்ப்யூட்டர் அடிக்கடி நச்சரிப்பதற்கான காரணம் இதில் இருக்கிறது.

ஜார், வார் என்றால் என்ன?

ஜாவா மொழியை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1995-ல் வெளியிட்டது. 2010-ல் அந்த நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது. ஜாவாவில் எழுதிய புரோகிராமை மற்றவர்களுக்குக் கொடுக்கும்போது, அதிலுள்ள பல சிறு பைல்களை ஒரே பைலாகக் கட்டிக் கொடுப்பார்கள். அதற்கு ஜார் பைல் என்று பெயர். உண்மையில் இது நமக்குத் தெரிந்த ஸிப் பைல்தான். எக்ஸ்டென்ஷன் மட்டும் வேறு.

பிரவுசர் மூலம் பயன்படுத்தும் ஜாவா புரோகிராமாக இருந்தால் அதை வார் பைலாகக் கட்டுவார்கள். இதுவும் ஸிப் பைல்தான். உள்ளே வெப்-இன்ஃப் என்று ஒரு போல்டர் இருக்கும். அதற்குள் முக்கியமாக இரண்டு போல்டர்கள்.

1. கிளாசஸ்: புரோகிராமர் தானே எழுதியவை.
2. லிப்: அடுத்தவர்களிடம் வாங்கிச் சேர்த்த ஜார் பைல்கள்.

இந்த வார் பைலை இயக்க ஒரு சர்வர் புரோகிராம் தேவை. பெரிதும் பயன்படுவது டாம்கேட். இதை அப்பாச்சி அமைப்பு இலவசமாகத் தருகிறது. டாம்கேட்டின் வெப்ஆப்ஸ் என்ற போல்டரில் வார் பைலைப் போட்டால், அதுவே பிரித்து இயக்கிவிடும்.

திறந்து பாருங்கள்

படித்ததைக் கண்ணால் பார்த்தால்தான் மனதில் நிற்கும். இதற்கு எதையும் இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை.

1. அப்பாச்சி டாம்கேட்டின் இணைய தளத்துக்குச் சென்று, விண்டோஸுக்கான ஸிப் பைலை டவுண்லோட் செய்யுங்கள். வேறு தளங்களில் இருந்து எடுக்க வேண்டாம்.
2. அதன்மீது ரைட் கிளிக் செய்து, எக்ஸ்ட்ராக்ட் ஆல் கொடுங்கள்.
3. கிடைத்த போல்டருக்குள் லிப் என்ற போல்டரைத் திறங்கள். சர்வ்லெட்-ஏபிஐ, கேடலினா என்ற பெயர்களில் ஜார் பைல்கள் இருக்கும். இவை டாம்கேட்டுக்குச் சொந்தமானவை. அதில் இயங்கும் எல்லாப் புரோகிராம்களுக்கும் பொது.
4. இப்போது வெப்ஆப்ஸ் போல்டருக்குள் எக்ஸாம்பிள்ஸ், அதற்குள் வெப்-இன்ஃப், அதற்குள் லிப் என்று வரிசையாகத் திறங்கள். டேக்லிப்ஸ் என்று தொடங்கும் ஜார் பைல்கள் இருக்கும். இவை அந்த ஒரு புரோகிராமுக்கு மட்டும் சொந்தம்.

ஆக, ஒரு துணைப் பைலை வைக்க இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று பொது அலமாரி. மற்றொன்று அவரவர் பெட்டி. எதில் எதை வைப்பது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

பில்ட் டூல் செய்யும் வேலை

ஜாவாவின் தொடக்க காலத்தில் துணைப் பைல்களைக் கையால்தான் சேர்த்தார்கள். தேவையான ஜாரை இணைய தளத்தில் தேடி, டவுண்லோட் செய்து, ஒரு போல்டரில் போட்டுவைப்பார்கள். 2000-ல் ஆன்ட் என்ற பில்ட் டூல் தனியாக வெளியானது. பில்ட் டூல் என்பது புரோகிராமை கம்பைல் செய்து, கட்டி, வார் பைலாக எடுத்துத் தரும் கருவி. ஆன்ட் கட்டும் வேலையைச் செய்தது. ஆனால் ஜார் பைல்களைத் தேடிச் சேர்ப்பது நம் பொறுப்பாகவே இருந்தது.

2004-ல் மேவன் 1.0 பதிப்பும், 2005-ல் 2.0 பதிப்பும் வந்தன. மேவனில் துணைப் பைல்களை நாம் தேட வேண்டியதில்லை. பாம்.எக்ஸ்.எம்.எல். என்ற ஒரு பைலில், தேவையான ஒவ்வொன்றுக்கும் மூன்று விவரங்களை எழுதினால் போதும். எந்தக் குழு வெளியிட்டது, அதன் பெயர் என்ன, எந்தப் பதிப்பு. நம் ஊரில் ஒரு முகவரிக்கு தெரு, கதவு எண், பின்கோடு இருப்பது போல. மேவன் சென்ட்ரல் என்ற பொதுக் கிடங்கிலிருந்து அந்த ஜார் தானாக டவுண்லோட் ஆகும். உங்கள் கம்ப்யூட்டரில் .எம்2 என்ற போல்டரில் ஒரு பிரதி சேமிக்கப்படும். அடுத்த முறை அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும். 2012-ல் 1.0 பதிப்பாக வந்த கிரேடில் என்ற டூலும் இதே கிடங்கைப் பயன்படுத்துகிறது.

துணைக்கும் ஒரு துணை

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நீங்கள் கேட்ட ஜாருக்கும் சொந்தத் துணைப் பைல்கள் இருக்கும். அவற்றுக்கும் துணைகள் இருக்கும். மேவன் 2.0 இவை எல்லாவற்றையும் தானே இழுத்துவரக் கற்றுக்கொண்டது. கல்யாணத்துக்கு ஒருவரை அழைத்தால் அவர் குடும்பமும், அவர் மைத்துனர் குடும்பமும் சேர்ந்து வருவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பாம் பைலில் ஐந்து பெயர் எழுதிவிட்டு வார் பைலைத் திறந்தால் ஐம்பது ஜார்கள் இருப்பது இயல்பு.

அப்படி வரும்போது ஒரே ஜாரின் இரண்டு பதிப்புகளை இரண்டு பேர் கேட்டால்? ஓர் உதாரணம் பார்ப்போம். பில்லை பி.டி.எப். பைலாக்கும் ஜாரை உங்கள் புரோகிராம் கேட்கிறது. அந்த ஜார், லாக் எழுதும் ஒரு ஜாரின் 1.2 பதிப்பைக் கேட்கிறது. இன்னொரு பக்கம், ரிப்போர்ட் ஜார் ஒன்றைக் கேட்கிறீர்கள். அது ஒரு சார்ட் ஜாரைக் கேட்க, சார்ட் ஜார் அதே லாக் ஜாரின் 1.5 பதிப்பைக் கேட்கிறது. வார் பைலில் ஒன்றுதான் போக முடியும்.

மேவன் எது அருகில் இருக்கிறது என்று பார்க்கும். 1.2 இரண்டாம் படியில் இருக்கிறது. 1.5 மூன்றாம் படியில் இருக்கிறது. எனவே பழைய 1.2 பதிப்பையே சேர்க்கும். இரண்டும் ஒரே படியில் இருந்தால், பாம் பைலில் முதலில் எழுதியதன் வழியே வந்தது ஜெயிக்கும். கிரேடில் அப்படியல்ல. வேறு ஏதும் சொல்லாவிட்டால், இருப்பவற்றில் புதிய பதிப்பை எடுக்கும்.

மேவன் எடுத்த முடிவால் கம்பைல் செய்யும்போது எந்த எரரும் வராது. வார் பைலும் அழகாகக் கிடைக்கும். ஆனால் சர்வரில் யாராவது சார்ட்டைத் திறக்கும்போது, 1.5-ல் மட்டுமே உள்ள ஒரு வசதியை அது தேடும். "நோ சச் மெத்தட் எரர்" என்று புரோகிராம் அங்கே நின்றுவிடும். எனவேதான் எது வந்து சேர்ந்தது என்று பார்க்கும் பழக்கம் தேவை.

அதற்கு மேவனில் ஒரு கட்டளை உண்டு. கமாண்ட் ப்ராம்ப்ட்டில் உங்கள் புராஜெக்ட் போல்டருக்குச் சென்று, எம்.வி.என். என்ற மூன்று எழுத்துகளை ஆங்கிலத்தில் டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, டிபென்டன்சி என்றும், முக்காற்புள்ளி வைத்து, ட்ரீ என்றும் சேர்த்து டைப் செய்யுங்கள். எண்டர் தட்டினால், யார் யாரை அழைத்து வந்தார்கள் என்று வம்சாவளி போல ஒரு மரம் திரையில் விரியும். வேண்டாதவரை நீக்க எக்ஸ்குளூஷன் என்ற வசதியை பாம் பைலில் பயன்படுத்தலாம்.

இரண்டு வார் பைல்கள், ஒரே துணை

இப்போது முக்கியக் கேள்விக்கு வருவோம். ஏற்காட்டில் ஒருவருக்குத் தங்கும் விடுதியும் காப்பித் தோட்டமும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். விடுதிக்கு அறைப் பதிவு புரோகிராம். தோட்டத்துக்குக் கூலிக் கணக்கு புரோகிராம். இரண்டும் தனித்தனி வார் பைல்கள். ஒரே டாம்கேட்டில் இயங்குகின்றன. பி.டி.எப். ஜார், லாக் ஜார், டேட்டாபேஸ் டிரைவர் ஆகியவை இரண்டுக்கும் தேவை.

ஒவ்வொரு வார் பைலும் 40 எம்.பி. அதில் சொந்த புரோகிராம் 1 எம்.பி.தான், மீதி 39 எம்.பி. துணைப் பைல்கள் என்று வைத்துக்கொண்டால், எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை இதுதான்: "பொதுவானவற்றை டாம்கேட்டின் லிப் போல்டரில் ஒரு முறை வைத்துவிட்டால் என்ன?" இடமும் மிச்சம், அப்லோட் செய்யும் நேரமும் மிச்சம். பழைய டாம்கேட் 5.5-ல் இதற்கென்றே ஷேர்டு என்று தனி போல்டர் இருந்தது. டாம்கேட் 6 முதல் எல்லாம் ஒரே லிப் போல்டராகிவிட்டது.

யோசனை நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் வரும் தொல்லைகளைப் பாருங்கள்.

* தோட்டக் கணக்குக்காக பி.டி.எப். ஜாரின் புதுப் பதிப்பைப் போட்டால், விடுதி புரோகிராமுக்கும் சேர்ந்தே மாறும். அதில் சோதித்துப் பார்த்தோமா? இல்லை. மாற்றம் நடைமுறைக்கு வர டாம்கேட்டை நிறுத்தித் தொடங்கவும் வேண்டும். அதுவரை இரண்டும் இயங்காது.
* டாம்கேட் ஒரு கிளாஸைத் தேடும்போது, ஜாவாவின் அடிப்படை கிளாஸ்களைத் தவிர மற்றவற்றுக்கு முதலில் புரோகிராமின் சொந்தப் பெட்டியைப் பார்க்கும். பிறகுதான் பொது அலமாரி. பெட்டியில் பழைய பிரதி ஒன்று மறந்துபோய் கிடந்தால், பொது அலமாரியில் புதியது வைத்தும் பயனில்லை. பழையதே ஓடும்.
* லாக் எழுதும் ஜாரைப் பொதுவில் வைத்தால், அதன் அமைப்புகளும் பொதுவாகிவிடும். விடுதியின் லாக்கும் தோட்டத்தின் லாக்கும் ஒன்றாகக் கலந்து போகும்.
* சர்வர் கம்ப்யூட்டரை மாற்றும்போது வார் பைல்களை எடுத்துச் செல்ல யாரும் மறப்பதில்லை. லிப் போல்டரில் கையால் போட்ட ஜார்களை மறந்துவிடுவார்கள். அது எந்தப் பட்டியலிலும் எழுதப்படாத விஷயம்.

40 எம்.பி. என்பது இன்று செல்போனில் எடுத்த சில போட்டோக்களின் அளவு. அதை மிச்சம் பிடிக்க இவ்வளவு தொல்லை தேவையில்லை.

பெரிய நிறுவனங்களில் பல வார் பைல்களை ஈயர் என்ற இன்னொரு கட்டுக்குள் வைத்து, பொது ஜார்களை அந்தக் கட்டின் லிப் போல்டருக்கு மாற்றும் முறையும் உண்டு. மேவனில் இதற்கு ஸ்கின்னி வார் என்று பெயர். பொது ஜார்கள் ஒரே கட்டில் சேர்ந்தே பயணிப்பதால் மறக்கும் ஆபத்து இல்லை. ஆனால் டாம்கேட் ஈயர் பைலை இயக்காது. அதற்கு வேறு பெரிய சர்வர்கள் வேண்டும்.

விடுதி தருவதைச் சுமக்காதீர்கள்

அப்படியானால் பொது அலமாரியே தேவையில்லையா? சிலவற்றுக்குத் தேவை.

மே மாதத்தில் எங்கள் அடிவாரம் வழியாக ஏற்காடு செல்லும் வேன்களைப் பார்த்தால், மேலே கட்டியிருக்கும் மூட்டைகளே ஆள் உயரம் இருக்கும். 20 கொண்டை ஊசி வளைவுகளில் அத்தனையையும் சுமந்து ஏறுகிறார்கள். சாப்பாட்டுச் சாமான் சரி. கட்டிலும் மெத்தையும் விடுதியிலேயே இருக்கிறதே! அதை யாராவது கட்டிக்கொண்டு போவார்களா?

மேவனில் இதைச் சொல்லும் சொல் ப்ரொவைடட். ஒரு துணைப் பைலுக்கு நேராக ஸ்கோப் என்ற இடத்தில் இதை எழுதினால், "கம்பைல் செய்ய இது வேண்டும். ஆனால் வார் பைலில் கட்ட வேண்டாம். போகுமிடத்தில் சர்வரே தரும்" என்று பொருள். ஸ்கோப்பில் எழுதக்கூடியவற்றில் முக்கியமான நான்கைப் பாருங்கள்.

* கம்பைல்: எழுதும்போதும் இயக்கும்போதும் தேவை. வார் பைலில் சேரும். ஸ்கோப் எதுவும் எழுதாவிட்டால் இதுதான்.
* ப்ரொவைடட்: எழுதும்போது தேவை. இயக்கும்போது சர்வர் தரும். வார் பைலில் சேராது.
* ரன்டைம்: எழுதும்போது தேவையில்லை. இயக்கும்போது தேவை. வார் பைலில் சேரும். டேட்டாபேஸ் டிரைவர் பெரும்பாலும் இந்த வகை.
* டெஸ்ட்: சோதனை செய்ய மட்டும். வார் பைலில் சேராது.

நீங்கள் டாம்கேட்டின் லிப் போல்டரில் பார்த்த சர்வ்லெட்-ஏபிஐ எப்போதும் ப்ரொவைடட்தான். அதை வார் பைலுக்குள் வைத்து அனுப்பினாலும், டாம்கேட் அந்த ஜாரை ஏற்காமல் ஒதுக்கிவிடும். இன்னொன்று, டேட்டாபேஸ் இணைப்புகளை டாம்கேட்டே நிர்வகிக்கும்படி அமைத்திருந்தால், டேட்டாபேஸ் டிரைவர் டாம்கேட்டின் லிப் போல்டரில்தான் இருக்க வேண்டும். அப்போது ரன்டைம் என்று எழுதி வார் பைலிலும் கட்ட வேண்டியதில்லை.

ஆனால் ப்ரொவைடட் என்பது ஒரு நம்பிக்கை. விடுதியில் கேஸ் அடுப்பு இருக்கும் என்று அதற்கேற்ற பாத்திரத்தோடு போகிறீர்கள். அங்கே இண்டக்ஷன் அடுப்பு வைத்துவிட்டார்கள் என்றால்? டாம்கேட்டில் அது நடந்தது. டாம்கேட் 9 வரை சர்வ்லெட் வசதிகளின் பெயர் ஜாவாஎக்ஸ் என்று தொடங்கும். டாம்கேட் 10 முதல் அது ஜகார்த்தா என்று மாறியது. 9-க்காகக் கட்டிய வார் பைலை அப்படியே 10-ன் வெப்ஆப்ஸ் போல்டரில் போட்டால் வேலை செய்யாது. பெயர்களை மாற்றித் தருவதற்கென்றே தனிக் கருவியை டாம்கேட் குழுவினர் வெளியிட நேர்ந்தது. எனவே எந்த சர்வரின் எந்தப் பதிப்பு என்பதையும் கணக்கில் எழுதி வையுங்கள்.

பைல் தனித்தனி, கணக்கு ஒன்று

சர்வர் தருவதை ப்ரொவைடட் என்று விட்டாகிவிட்டது. மற்றவற்றை ஒவ்வொரு வார் பைலும் தன்னுடன் சுமக்கட்டும். ஆனால் பதிப்பு எண்ணை மட்டும் ஒரே இடத்தில் எழுதுங்கள். நான் பின்பற்றும் முறை இதுதான்.

மேவனில் தாய் பாம் பைல் ஒன்றை உருவாக்கலாம். அதில் டிபென்டன்சி மேனேஜ்மென்ட் என்ற பகுதி உண்டு. பி.டி.எப். ஜார் இந்தப் பதிப்பு, லாக் ஜார் இந்தப் பதிப்பு என்று அங்கே எழுத வேண்டும். விடுதி, தோட்டம் இரண்டின் பாம் பைல்களும் அந்தத் தாயைச் சுட்டும். அவற்றில் குழு, பெயர் மட்டும் இருக்கும். பதிப்பு எண் இருக்காது. இந்தப் பகுதியில் எழுதினால் மட்டும் ஜார் எதுவும் வார் பைலில் சேர்ந்துவிடாது. "யாராவது கேட்டால் இதைக் கொடு" என்ற உத்தரவு மட்டும்தான் அது.

இதில் இன்னொரு நன்மை. நீங்கள் நேரடியாகக் கேட்காமல், துணைக்குத் துணையாக வந்து சேரும் ஜாருக்கும் இந்த உத்தரவு பொருந்தும். முன்பு பார்த்த 1.2, 1.5 சண்டையில், தாய் பாமில் 1.5 என்று எழுதியிருந்தால், எந்தப் படியில் இருந்து வந்தாலும் 1.5 மட்டுமே வரும். பி.டி.எப். ஜார் 1.5-உடன் ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதை மட்டும் சோதித்துவிட்டால் போதும்.

இரண்டு புரோகிராமுக்கும் பொதுவாக நீங்களே எழுதியது ஏதாவது இருக்கிறதா? உதாரணமாக, ரூபாயை எழுத்தால் எழுதும் பகுதி. அதைத் தனி ஜாராகக் கட்டி, இரண்டு பாம் பைல்களிலும் துணையாகச் சேருங்கள். ஒரு வார் பைலில் இருந்து இன்னொரு வார் பைலுக்கு நகலெடுத்து ஒட்டினால், நாளை ஒன்றில் திருத்தி மற்றொன்றில் விட்டுப்போகும்.

டிசம்பர் 2021

இந்தக் கணக்கு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை உலகம் முழுவதும் 2021 டிசம்பரில் பார்த்தது. லாக்4ஜே என்பது லாக் எழுதப் பயன்படும் ஜாவா துணைப் பைல். அதன் இரண்டாம் தலைமுறைப் பதிப்புகளில் பெரிய ஓட்டை இருப்பது தெரியவந்தது. குறிப்பிட்ட வடிவில் ஒரு வரியை அனுப்பி, அது லாக்கில் பதியும்படி செய்தால் போதும். அந்த வரி சொல்லும் இடத்திலிருந்து புரோகிராமை இழுத்துவந்து சர்வர் இயக்கிவிடும். மைன்கிராப்ட் கேமின் ஜாவா பதிப்பில் சாட் பெட்டியில் ஒரு வரி டைப் செய்தே இதைச் செய்ய முடிந்தது. ஆபத்தை அளக்கும் 10 புள்ளி அளவையில் இதற்கு 10 புள்ளி கொடுத்தார்கள்.

அந்த மாதத்துக்குள்ளேயே 2.15.0, 2.16.0, 2.17.0, 2.17.1 என்று நான்கு திருத்தப் பதிப்புகள் அடுத்தடுத்து வந்தன. தாய் பாம் வைத்திருந்தவர்கள் ஒரே வரியில் ஓர் எண்ணை மாற்றி, எல்லா வார் பைல்களையும் மீண்டும் கட்டினார்கள். மற்றவர்கள் சர்வர் சர்வராக, போல்டர் போல்டராகத் தேடினார்கள். நேரடியாகக் கேட்காதவர்களிடமும் லாக்4ஜே இருந்ததுதான் பெரிய சிக்கல். மேவன் சென்ட்ரல் கிடங்கை அப்போது அலசிய கூகுள் குழுவினர், பாதிக்கப்பட்டவற்றில் 80 சதவீதத்துக்கும் மேல் ஒரு படிக்கும் கீழே புதைந்திருந்ததாகவும், சிலவற்றில் ஒன்பதாம் படி வரை இருந்ததாகவும் கண்டார்கள்.

நம் ஊர் உதாரணம்

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ நிறுவனத்தின் மேனேஜ்இன்ஜின் பிரிவு, அலுவலகங்களின் கம்ப்யூட்டர்களை நிர்வகிக்கும் சாப்ட்வேர்களைத் தயாரிக்கிறது. வாடிக்கையாளர்கள் தங்கள் சொந்த சர்வரில் இன்ஸ்டால் செய்துகொள்ளும் ஜாவா வெப் புரோகிராம்கள் இவற்றில் உண்டு. 2022-ல் இவற்றில் 24 சாப்ட்வேர்களில் ஒரே ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. அதன் எண் சி.வி.இ.-2022-47966.

காரணத்தை நிறுவனமே வெளிப்படையாக அறிவித்தது. அப்பாச்சி சான்டுவாரியோ என்ற வெளித் துணைப் பைலின் காலாவதியான பதிப்பு பயன்பாட்டில் இருந்ததுதான் காரணம். எக்ஸ்.எம்.எல்.செக் 1.4.1 என்பது அந்த ஜார். அந்தப் பதிப்பில், சில பாதுகாப்புச் சோதனைகளைச் செய்வது அதைப் பயன்படுத்தும் புரோகிராமின் பொறுப்பாக விடப்பட்டிருந்தது. அந்தச் சோதனைகள் புரோகிராம்களில் இல்லை. ஒரே பாஸ்வேர்டில் பல இடங்களுக்குள் நுழைய உதவும் சாம்ல் என்ற வசதியை இயக்கியிருந்த இடங்களில் (சிலவற்றில் முன்பு எப்போதாவது இயக்கியிருந்தாலே) வெளியாள் லாகின் செய்யாமலே தன் கட்டளையை இயக்க முடிந்தது.

துணைப் பைலைப் புதிய பதிப்புக்கு மாற்றி, 2022 அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் திருத்தங்கள் வெளியாயின. ஓட்டை ஒன்றுதான். ஆனால் 24 சாப்ட்வேர்களுக்கும் தனித்தனியாக அப்டேட் வெளியிட வேண்டியிருந்தது. ஒரு ஜார் எத்தனை வீடுகளுக்குள் குடியிருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

கதை அத்துடன் முடியவில்லை. அமெரிக்கப் பாதுகாப்பு அமைப்புகள் 2023 செப்டம்பரில் ஓர் எச்சரிக்கை வெளியிட்டன. விமானத் துறையைச் சேர்ந்த ஓர் அமைப்பின் சர்வருக்குள் 2023 ஜனவரியிலேயே இதே ஓட்டை வழியாக அந்நியர்கள் நுழைந்திருந்தார்கள் என்பது செய்தி. திருத்தம் வந்து இரண்டு மாதங்களுக்கும் மேல் ஆன பிறகு! தயாரித்தவர் திருத்தினால் மட்டும் போதாது. பயன்படுத்துபவரும் அப்டேட்டைப் போட வேண்டும்.

எரர் வந்தால் எங்கே பார்ப்பது?

* கிளாஸ் நாட் பவுண்ட்: ஜார் வார் பைலில் இல்லை. தவறாக ப்ரொவைடட் என்று எழுதியிருக்கலாம், அல்லது சர்வரின் லிப் போல்டரில் வைக்க மறந்திருக்கலாம்.
* நோ சச் மெத்தட்: ஜார் இருக்கிறது, பதிப்பு வேறு. டிபென்டன்சி ட்ரீ கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள்.
* கிளாஸ் காஸ்ட்: ஒரே பெயருள்ள கிளாஸை "அதுவாக மாற்ற முடியாது" என்று சொன்னால், அதே ஜார் பெட்டியிலும் பொது அலமாரியிலும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு இடத்திலிருந்து ஏற்றியதை ஜாவா இரண்டு வேறு கிளாஸாகவே கருதும்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியவை

புரோகிராம் எழுதாதவர்களுக்கும் சில வேலைகள் உண்டு.

1. விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் எத்தனை இருந்தாலும் அழிக்காதீர்கள். வெவ்வேறு புரோகிராம்கள் வெவ்வேறு பதிப்பை நம்பி இருக்கின்றன.
2. காணாமல் போன டி.எல்.எல். பைலைத் தனியாக ஏதோ ஒரு தளத்திலிருந்து டவுண்லோட் செய்யாதீர்கள். அந்தப் புரோகிராமையே மீண்டும் இன்ஸ்டால் செய்யுங்கள், அல்லது மைக்ரோசாப்ட் தளத்திலிருந்து முழுத் தொகுப்பை எடுங்கள்.
3. ஒரு சாப்ட்வேர் அப்டேட் கேட்கும்போது, திரையில் புதிதாக ஒன்றும் தெரியவில்லையே என்று தள்ளிப்போடாதீர்கள். மாறியது உள்ளே இருக்கும் ஒரு துணைப் பைலாக இருக்கலாம்.
4. தயாரிப்பாளர் கைவிட்டுவிட்ட பழைய புரோகிராம் இன்னும் உங்கள் கம்ப்யூட்டரில் இருந்தால் நீக்கிவிடுங்கள். அதன் துணைப் பைல்களைத் திருத்த இனி ஆள் இல்லை.

ஜாவா படிப்பவர்கள் இன்றே உங்கள் புராஜெக்டின் வார் பைல் ஒன்றைப் பிரதி எடுத்து, பிரதியின் எக்ஸ்டென்ஷனை ஸிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். லிப் போல்டரில் உள்ள ஒவ்வொரு ஜாரின் பெயரையும் ஒரு தாளில் எழுதி, இது ஏன் இங்கே இருக்கிறது, யார் அழைத்து வந்தது என்று பக்கத்தில் குறியுங்கள். பதில் தெரியாத பெயர்கள் எத்தனை என்று எண்ணுங்கள். அவற்றில் இருந்து உங்கள் வேலையைத் தொடங்கலாம்.